நாற்பதில் தொடங்கிய கிராஃப்

சூடான டோனர் வாசனை... பிரிண்டர் தள்ளிய தாளை உடனே கையில் எடுத்தால் இளஞ்சூடாக இருக்கும். 2008-ல் சிதம்பரம் கீழவீதியில் ஒரு டிடிபி சென்டர். எனக்குக் காலை, மதியம், சாயங்காலம் அந்த வாசனைதான்.

எம்.எஸ்சி. ஸ்டேட்டிஸ்டிக்ஸ் முடித்து, வேறு வேலை கிடைக்காமல், மஞ்சக்குப்பத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தேன். ஆராய்ச்சி மாணவர்கள் சர்வே டேட்டாவைக் கொண்டுவருவார்கள். நான் சாஃப்ட்வேரில் ஏற்றி டேபிளும் கிராஃபும் எடுத்துக் கொடுப்பேன்.

அந்த சாஃப்ட்வேர் தானாகப் போட்டுத் தரும் கிராஃப் இருக்கிறதே... கண்றாவி. சாம்பல் பின்னணி, அதன் மேல் நீலமும் பச்சையும். கறுப்பு வெள்ளையில் பிரிண்ட் எடுத்தால் நீலம் எது, பச்சை எது என்று வரைந்தவனுக்கே தெரியாது. ஒவ்வொன்றாகத் திறந்து, பின்னணியை வெள்ளையாக்கி, ஒரு பட்டைக்குக் கறுப்பு, இன்னொன்றுக்குச் சாய்கோடு, எழுத்தின் அளவு... ஒரு தீசிஸுக்குள் இதே வேலை திரும்பத் திரும்ப.

எனக்குப் பொறுமை என்பது அப்போதும் கிடையாது.

ஒருநாள் ஒரு கிராஃபை நன்றாகச் செதுக்கி, அதையே டெம்ப்ளேட்டாக சேவ் பண்ணினேன். எதையெல்லாம் சேமிக்க வேண்டும் என்று நீளமாக ஒரு பட்டியல் திறந்தது. நிறம், எழுத்து, ஆக்சிஸ் எனும் அச்சின் அளவு... படித்துப் படித்து டிக் போட வேண்டும். யார் படிப்பது? ‘எல்லாம்’ என்று அழுத்திவிட்டு, இனி எந்த கிராஃப் போட்டாலும் இப்படித்தான் வர வேண்டும் என்று செட்டிங்கை மாற்றினேன்.

அது ஏதோ ஒரு பள்ளியின் தேர்வு மார்க் கிராஃப். யாருமே நாற்பதுக்குக் கீழே இல்லை என்பதால் பக்கவாட்டில் எண்கள் ஏறும் அச்சை நாற்பதில் தொடங்கி நூறில் முடித்திருந்தேன். அதுவும் டெம்ப்ளேட்டுக்குள் போய்விட்டது. நான் கவனிக்கவில்லை.

அடுத்து வந்தவன் ஸ்டீபன். குறிஞ்சிப்பாடிக்காரன், காலேஜில் என் பெஞ்ச். எம்.ஃபில். பண்ணிக்கொண்டிருந்தான். பெண்ணாடம் பக்கம் வெயிலில் மொபெட்டில் அலைந்து, கரும்பு போடுபவர்களைக் கேட்டுக் கேட்டு எழுதிய டேட்டா. சொட்டு நீர்ப் பாசனத்துக்கு யார் யார் மாறியிருக்கிறார்கள் என்பதுதான் ஆய்வு. கடலூரில் ஒரு கல்லூரி அவனுக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. ஜூனில் சர்டிஃபிகேட்டோடு வந்தால்.

கிராஃப் வந்தது. பளிச்சென்று இருந்தது. பெரிய விவசாயி, நடுத்தர விவசாயி, இரண்டு பேருக்கும் பட்டை. சிறு விவசாயி என்ற பெயருக்கு மேலே ஒன்றுமில்லை.

“மச்சான், இங்க ஏன் காலியா கீது?”

“கம்மியா இருந்தா அப்பிடித்தான் தெரியும். டேபிள்ல நம்பர் இருக்குல்ல? போடா, பின்னாடி நாலு பேரு நிக்கிறாங்க.”

போனான். ஸ்டேட்டிஸ்டிக்ஸில் என் மார்க் அவனுக்குத் தெரியும். அதனால் நம்பினான்.

வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் வெளியூரிலிருந்து வந்த எக்ஸாமினர் அந்தப் பக்கத்தில் நின்றுவிட்டாராம். “சிறு விவசாயியும் மாறிட்டு வர்றான், அவனை ஒதுக்காதீங்கன்னுதானே தம்பி எழுதியிருக்கீங்க? படத்துல ஒருத்தன்கூட இல்லையே. எது நெஜம்?”

மற்ற பக்கங்களையும் புரட்டியிருக்கிறார். நாற்பது சதவீதத்துக்குக் கீழே இருந்த எதுவுமே எந்தப் படத்திலும் இல்லை. டேட்டாவையே நம்ப முடியவில்லை, திருத்திக் கொண்டுவா என்று அனுப்பிவிட்டார்.

ஸ்டீபன் பைண்டு பண்ணின புத்தகத்தோடு கடைக்கு வந்தான். கத்துவான் என்று நினைத்தேன். கத்தியிருக்கலாம்.

“நான் கேட்டேன்ல மச்சான்...”

அவ்வளவுதான் சொன்னான்.

அச்சைப் பூஜ்யத்துக்கு மாற்ற எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சிறு விவசாயியின் பட்டை, குட்டையாக, சாய்கோட்டோடு வந்து நின்றது. திரும்ப பிரிண்ட், திரும்ப பைண்டிங், திரும்ப எக்ஸாமினர் தேதி கொடுத்து வைவா முடிந்தபோது தீபாவளி தாண்டிவிட்டது. அந்தக் கல்லூரி ஜூனிலேயே வேறு ஆளைப் போட்டுவிட்டது. அதற்கப்புறம் அவன் எங்கேயும் பாடம் எடுக்கவில்லை. ஒரு உரக் கம்பெனிக்கு ஊர் ஊராகப் போய் ஆர்டர் எடுக்கிறான்.

இப்போது நான் சென்னையில், டேட்டா வேலைதான். கிராஃபின் தோற்றத்தை மாற்ற ஒரு வரி எழுதினால் போதும்... “சார், இன்னுமா டீஃபால்ட்லயே போடுறீங்க?” என்று ஜூனியர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நான் எதையும் மாற்றுவதில்லை.

போன மாதம் ஸ்டீபனிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. அவன் மகள் ஸ்கூல் ப்ராஜெக்டுக்கு வரைந்த பார் கிராஃப். ஸ்கேல் வைத்து, கலர் பென்சிலில். கீழே, ‘கரெக்டா இருக்கா பாரு மச்சான்.’

அச்சு பூஜ்யத்தில்தான் தொடங்குகிறது. எந்தப் பெயருக்கு மேலேயும் காலி இல்லை. நாலு தடவை பார்த்துவிட்டேன்.

கரெக்டா இருக்கு என்று டைப் பண்ணி, அழித்து... இன்னும் அனுப்பவில்லை.