துன் மரத்துப் பிசின்

வீட்டில் எதை ஒளித்து வைத்தாலும் மோப்பம் பிடித்து எடுத்துவிடுவேன். ஒன்பது வயதில் அந்தக் கெட்டிக்காரத்தனம் செய்த வேலையை இன்றும் மறக்க முடியவில்லை.

கடுகண்ணாவைக்கு மேலே உள்ள காட்டில் அப்பாவுக்குப் பாதை வெட்டும் வேலை. அங்கே துன் மரங்கள் உண்டு. இந்தத் தீவைத் தவிர வேறெங்கும் வளராத மரம். தனக்குத் தோன்றிய வருடம்தான் பூக்கும். ஒருமுறை பூத்தபோது என்னைத் தோளில் ஏற்றிக் கொண்டுபோய்க் காட்டினார். உச்சியில் வெளிறிய சின்னப் பூக்கள்; எனக்குக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். அதன் பட்டையில் கசிந்து இறுகும் பிசினை எங்கள் பக்கத்தில் சாவு வீட்டில் மட்டுமே புகைப்பார்கள். யார் செத்தாலும் அப்பாவிடம்தான் வந்து கேட்பார்கள். பிள்ளைகளைச் சாவு வீட்டுக்குக் கூட்டிப்போகும் வழக்கம் இல்லாததால் அது எதற்கென்று எனக்கு அப்போது தெரியாது.

அந்த வருடம் அப்பா படுக்கையில் விழுந்தார். ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள். அம்மா அதை மறைத்து, வெறும் வயிற்றுப்புண் என்று அவரிடம் சொல்லியிருந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை அம்மா மருந்து வாங்கப் பிலிமத்தலாவைக்குப் போயிருந்தார். வீட்டில் சாம்பிராணி தீர்ந்திருந்தது. தேடியதில், அலுமாரியில் அம்மாவின் சேலைகளுக்கு அடியில் பிசின் கட்டி ஒன்று கிடைத்தது. தணல் சட்டியில் போட்டு, புகை கிளம்பக் கிளம்ப அப்பாவிடம் ஏந்திப் போனேன். மெச்சுவார் என்று நினைப்பு.

அப்பா தலையைத் தூக்கினார். "இது எங்க இருந்துச்சு புள்ள?"

"அலுமாரியில. அம்மா சேலைக்கு அடியில."

"கூட வேற என்ன இருந்துச்சு?"

"புது வேட்டிப்பா. கவர் கூடப் பிரிக்கல."

அப்பா தலையைத் திரும்பத் தலையணையில் சாய்த்தார். பிறகு, "இந்த வருசம் துன் பூத்திருச்சோ என்னவோ" என்றார். "சன்னலத் தொறந்து விடு. அம்மா கேட்டா நான் சொல்லிக்கிறேன்."

வாசலிலேயே மணம் பிடித்த அம்மா மருந்துப் பையைப் போட்டுவிட்டு அறைக்குள் ஓடி வந்தார்.

"கொசு தாங்கல. நாந்தான் போடச் சொன்னேன்" என்றார் அப்பா. "வயித்துப்புண்ணு இன்னிக்கு கொஞ்சம் பரவாயில்ல."

அம்மா அடுப்படிக்குள் போனவர் நெடுநேரம் வெளியே வரவில்லை. எனக்கு அடி விழவில்லை. அப்பா காப்பாற்றிவிட்டார் என்று சந்தோஷமாக விளையாடப் போனேன். அந்த வேட்டி தீபாவளிக்கு வாங்கியது என்றுதான் நினைத்திருந்தேன்.