அமாவாசை பியூஸ்

நாச்சிமுத்து தன் வண்டியை மெக்கானிக்கிடம் விட்டதாக மோகனூர் வட்டாரத்தில் யாரும் சொல்லிவிட முடியாது. இருபது வருஷம் போர்வெல் லாரியோடு ஒரிசா, சத்தீஸ்கர் என்று அலைந்த மனுஷன். அங்கே நடுக்காட்டில் லாரி நின்றால் எவன் வருவான்? ஸ்பேனரும் கையுமாகத் தானே இறங்க வேண்டியதுதான். ஊர் திரும்பி இரண்டு ஏக்கர் கரும்போடு உட்கார்ந்த பிறகும் அந்தக் கை அடங்கவில்லை. தன் மோட்டார் சைக்கிளுக்குச் செயின், கிளட்ச் பிளேட்டு, பிரேக் ஷூ எல்லாவற்றையும் வாசலில் சாக்கு விரித்துத் தானே மாற்றினார். மாற்றி முடித்ததும் நாலு ஸ்குரூ மிஞ்சும். “கம்பெனிக்காரன் தண்டமாப் போட்டது” என்று டப்பாவில் எறிவார். தப்பு தன்னுடையது என்று அந்த வாய் சொன்னதே கிடையாது.

மகள் கனிஷ்கா நாமக்கல் பக்கம் ஒரு கோழித்தீவன ஆலையில், பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்ததும் வண்டி அவள் கைக்குப் போனது. ஆலை வரைக்கும் பஸ் கிடையாது. வண்டி இல்லையென்றால் வேலையும் இல்லை.

ஆடி மாதத்திலிருந்து பிடித்தது சனியன். மாதத்துக்கு ஒரு தரம், அதுவும் அமாவாசை கழிந்து ஓரிரு நாளில், ஓடுகிற வண்டி பொசுக்கென்று செத்தது. பார்த்தால் பியூஸ் போயிருக்கும். முதல் தரம் பியூஸோடு பேட்டரியையும் மாற்றினார். ஒரு மாதம் ஓடியது. அடுத்த தரம் சாவி போடுகிற சுவிட்சை மாற்றினார். அதுவும் ஒரு மாதம். மூன்றாம் தரம்தான் வம்பாகப் போயிற்று. பொழுது சாயும் நேரம், ஆலை வாசலிலிருந்து மெயின் ரோட்டில் அவள் திரும்பும்போது வண்டி நின்றது, லைட்டும் போனது. பின்னால் வந்த லாரிக்காரர் பிரேக்கின் மேல் ஏறி நின்றிருக்கிறார். ஒரு முழம் இடைவெளியில் தப்பித்தாள் பிள்ளை.

மனைவி பாவாயிக்கு இனி விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. “ஏனுங்க, போதுமுங்க. ஊர்க்கண்ணு பூரா புள்ள மேல உளுந்து கெடக்குது. நானும் அமாவாசைக்கு அமாவாசை வண்டிக்கு எலுமிச்சங்காய் கட்டறேன், அதையும் மீறிப் போகுதுன்னா பாருங்க. திங்கக்கெழமையிலிருந்து அவ போக வேண்டாமுங்க.”

கனிஷ்கா எழுந்து உள்ளே போனாள். ஆலையில் கொடுத்த வெள்ளைக் கோட்டை மடித்துப் பீரோவில் வைத்தாள். அதைப் பார்த்த நாச்சிமுத்து வாசலுக்குப் போய் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். கண்ணாவது, மண்ணாவது! அவர் பயம் வேறு. தான் போட்ட வயரேதான் பிள்ளையை லாரிக்கு முன்னால் தள்ளியதோ?

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சாக்கை விரித்தார். பியூஸ் இருந்த இடத்தில் ஒரு பல்பை மாட்டினார். போர்வெல் லாரியில் பழகிய வித்தை. எங்காவது வயர் இரும்பில் பட்டால் பியூஸ் போவதற்குப் பதில் பல்பு பளிச்சென்று எரியும். சீட்டுக்கு அடியில், டேங்குக்கு அடியில் ஒவ்வொரு வயராக ஆட்டினார். பல்பு எரியவில்லை. வழக்கம்போல முன்லைட்டைக் கழற்றப் போனார். லைட்டுக்குக் கீழே தொங்கும் எலுமிச்சை மிளகாய் குறுக்கே நின்றது. எப்போதும் செய்வதுபோல அதை மேலே மடக்கிவிடக் கையை நீட்டினார்.

“அப்பா, ரைட்டுல திரும்பறப்பத்தானுங்க ஒவ்வொரு தரமும் நின்னுச்சு” என்றாள் கனிஷ்கா.

“அதை முதல்லயே சொல்றதுக்கென்ன அம்மிணி?”

“நீங்க எப்பங்கப்பா கேட்டீங்க?”

கேட்கவில்லைதான். நீட்டிய கையால் ஹேண்டில்பாரை வலப்புறம் முழுக்கத் திருப்பினார். பல்பு பளிச்சென்று எரிந்தது! இடப்புறம் திருப்பினார், அணைந்தது. குனிந்து பார்த்தார். வலப்புறம் திரும்பும்போது எலுமிச்சையைக் கோத்த கம்பியின் நுனி, கீழே இருந்த ஹாரனில் வயர் மாட்டும் பின்னில் போய் முட்டியது. பின்னுக்குப் போட்டிருந்த ரப்பர் உறையைத் தண்டமென்று எறிந்தவர் அவரேதான்.

கம்பியைப் பார்த்ததும் பகீரென்றது. செம்புக் கம்பி, மறுமுனை லைட்டைத் தாங்கும் இரும்பில் கட்டியிருந்தது. ஆடிக் காற்றில் எலுமிச்சை கட்டிய நூல் அறுந்து அறுந்து போகிறது என்று பாவாயி புலம்பியபோது, பழைய வயரைச் சீவி, “இந்தா, இது ஆயுசுக்கும் அறுகாது” என்று கொடுத்தவரும் அவரேதான். மாதாமாதம் பாவாயி கம்பியை நீட்டிப் புதுக் காயை அதிலேயே கட்டுவாள். பியூஸ் போகும். வேலைக்கு இடைஞ்சலென்று இவர் கம்பியை மடக்கிவிடுவார். வண்டி ஓடும். பெயர் மட்டும் புது பேட்டரிக்கு, புது சுவிட்சுக்கு.

கம்பியைச் சத்தமில்லாமல் கழற்றிவிட்டு, வண்டி சரியாகிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பாவாயி நம்ப மாட்டாள். அவளுக்குக் கண்ணேறு கண்ணேறுதான். கோட்டு பீரோவிலேயே கிடக்கும்.

“பாவாயி, இங்க வா. கண்ணும் இல்ல, மூக்கும் இல்ல. பாரு.” திருப்பிக் காட்டினார், பல்பு எரிந்தது. கம்பியை அவிழ்த்துவிட்டுத் திருப்பிக் காட்டினார், எரியவில்லை. “நான் குடுத்த கம்பிதான். தப்பு என்னுது.”

பாவாயி பல்பைப் பார்க்கவில்லை, புருஷன் முகத்தைத்தான் பார்த்தாள். “இன்னொருக்காச் சொல்லுங்க.”

“தப்பு என்னுதுதான்ங்கறேன்!”

பாவாயிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கனிஷ்காவும் சேர்ந்து சிரித்தாள். இவர் முகத்தில் அசடு வழிந்தாலும் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. சிரித்து முடித்த பாவாயி உள்ளே போய், பீரோவிலிருந்த கோட்டை எடுத்துவந்து உதறிக் கொடியில் போட்டாள். எலுமிச்சையை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. வெள்ளை நூலில் கோத்துத் தானே கட்டினாள். நாச்சிமுத்து டப்பாவைக் கிளறி, ஹாரன் பின்னுக்கு ரப்பர் உறை மாட்டினார்.

திங்கட்கிழமை காலை பிள்ளை கிளம்பிப் போனாள். அவர் வயலுக்குப் போகவில்லை, போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நடந்தார். ஒன்பது மணிக்குப் போன் அடித்தது.

“வந்துட்டனுங்கப்பா. வழியில அஞ்சு ரைட்டு. ஒண்ணுலயும் நிக்கலைங்க.”

“சரி சாமி” என்றார். போனை வைத்துவிட்டு உள்பக்கம் பார்த்து, “அஞ்சு ரைட்டாம்!” என்று கத்தினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தச் சாக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.