வீட்டுக்கார அக்காவின் கவரிங் சங்கிலி

என் பீரோவின் உள்ளறையில், கல்யாணப் பட்டுக்கும் ரேஷன் கார்டுக்கும் நடுவே, ஒரு கவரிங் சங்கிலி கிடக்கிறது. மேல்பூச்சு போய்ப் பாதிக்கு மேல் கறுத்துவிட்டது. கொக்கி மட்டும் இன்னும் மஞ்சளாக இருக்கிறது. பீரோவை ஒழுங்கு பண்ணும்போதெல்லாம், இதைத் தூக்கிப் போட்டால் என்ன என்பார் என் கணவர். நான் காதில் வாங்கிக்கொள்வதில்லை. தூக்கிப் போடச் சொல்லித்தான் இது என் கைக்கே வந்தது. அன்றைக்குப் போடாதவள் இன்றைக்கா போடப்போகிறேன்?

தென்காசிப் பக்கத்திலிருந்து கிளம்பி, சுங்குவார்சத்திரம் அருகே ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைனில் நிற்க வந்த புதிது. மண்ணூரில் ஒரு மாடி அறையில் நான்கு பெண்கள் குடியிருந்தோம். கீழே வீட்டுக்கார அக்காவும் அவர் கணவரும். எங்கள் ஊர் வழக்கப்படி அவரை நான் ‘அண்ணாச்சி’ என்றேன். “என்னிய மளிகக் கடக்காரனா ஆக்கிட்டியே” என்று சிரித்தாரே தவிர, அந்தப் பெயரை வேண்டாம் என்று சொன்னதில்லை. ஏர் பிடித்தவர். நிலங்கள் கம்பெனிகளாக மாறிய பிறகு அதில் ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டியாக நின்றவர். நான் பார்க்கும்போது இரண்டு சிறுநீரகமும் கெட்டு, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் போய்க்கொண்டிருந்தார்.

இதற்கு முன்பு அவருக்கு அரசாங்கக் காப்பீட்டு அட்டை இருந்தது. அந்த அட்டையில் தனியார் ஆஸ்பத்திரியிலேயே இலவசமாக ரத்தம் சுத்திகரித்துக்கொண்டிருந்தார். மிச்சமிருந்த நிலம் சாலை அகலப்படுத்தலுக்குப் போனது. கிடைத்த தொகையை வங்கியில் போட்டார்கள். மாதாமாதம் வட்டி வந்தது. உடனே அண்ணாச்சி செய்த காரியம் இருக்கிறதே, அதை இன்றைக்கும் என்னால் நம்ப முடியவில்லை. சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய், “இனிமே எங்களுக்கு வட்டி வர்து, இத்த இல்லாதவங்க யாருக்காச்சும் குடுங்க” என்று அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு அதை வாங்கி எங்கே வைப்பது என்றே தெரியவில்லையாம். யாராவது திருப்பிக் கொடுத்திருந்தால்தானே தெரியும்!

நோய்க்கு என்ன மரியாதை தெரியும்? டயாலிசிஸ், ஊசி, நடுவில் டயாலிசிஸுக்காகக் கையில் ஒரு ஆபரேஷன் என்று அந்தச் சேமிப்பு கரைந்தது. வட்டியும் நின்றது. அரசு ஆஸ்பத்திரியில் கேட்டதற்கு, இப்போது இடமில்லை என்று பெயரை மட்டும் எழுதிக்கொண்டார்கள். ஒருநாள் மாடிப்படியில் அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அந்த அட்டையை மறுபடி வாங்க என்ன செய்ய வேண்டும், செல்போனில் பார்த்துச் சொல் என்றார்.

எனக்கு வாய்த்துடுக்கு. “கழுத்துல இவ்ளோ பெரிய தாலிச் சங்கிலியப் போட்டுக்கிட்டு ஏழைக்குள்ள அட்டையைக் கேக்கீகளே?” என்றேன். அக்கா உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “இது கவரிங்குடி. நெசத்த வித்து ஒரு வருசம் ஆவுது.” கையில் பணமில்லாமல் ஒரு வாரம் டயாலிசிஸ் நின்றுபோகும் நிலை வந்தபோது விற்றுவிட்டு, அதே அச்சில் கவரிங் வாங்கித் தாலியைக் கோத்துக்கொண்டாராம். அண்ணாச்சிக்குத் தெரியாது. தெரியவே கூடாது. “எது போனாலும் போவட்டும். நான் போட்ட சங்கிலில கைய வெச்சன்னு தெரிஞ்சுது, அன்னியோட ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன்” என்று அவர் முதலிலேயே சத்தியம் பண்ணியிருந்தார். சொன்னால் செய்கிற ஆள். அட்டையையே திருப்பிக் கொடுத்தவர் ஆயிற்றே.

அட்டைக்கு வருமானச் சான்று வேண்டும். விண்ணப்பத்தை நான்தான் சேவை மையத்தில் பதிவு செய்துகொடுத்தேன். நேரில் விசாரிக்க வி.ஏ.ஓ. வீட்டுக்கு வருவார் என்று தகவல் வந்தது. நான் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கி எழுந்து கீழே வந்து பார்த்தேன். அக்கா வீடு முழுக்கக் கழுவி, பெரிய கோலம் போட்டு, பக்கத்து வீட்டில் இரண்டு நாற்காலியும் ஒரு பெரிய ஃபேனும் இரவல் வாங்கி வைத்திருந்தார். பட்டுப்புடவை. பூந்திக்கொட்டை போட்டுக் கழுவிய சங்கிலி பளபளவென்று வெளியே தொங்கியது. “எக்கா, இல்லாத வீடுன்னு காட்டணும்லா?” என்று தலையில் அடித்துக்கொண்டேன். “ஆபீசர் வூட்டுக்கு வர்றாரு. அயுக்குப் புடவையோடவா நிக்கிறது? அவருக்கு இன்னா மரியாத?” என்றார் அக்கா. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இப்போது நினைத்தால் அழுகைதான் வருகிறது.

வி.ஏ.ஓ. கெட்டவர் இல்லை. கலர் சோடாவை மரியாதைக்கு ஒரு வாய் குடித்தார். ஃபேனைப் பார்த்தார், புடவையைப் பார்த்தார், கடைசியில் சங்கிலியைப் பார்த்தார். “ஏம்மா, கழுத்துல இம்மாம் கீது. வருமானம் இல்லன்னு நான் எப்டிம்மா எழுதறது? நாளைக்கு எவனாச்சும் மனு போட்டா எனக்குத்தான வம்பு?”

அண்ணாச்சி அறை வாசலில் கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்கப் போனேன். அக்கா என் கையை அழுத்தினார். சொல்லாவிட்டால் அட்டை கிடையாது. சொன்னால் அண்ணாச்சி ஆஸ்பத்திரிக்கு வரமாட்டார். எந்தப் பக்கம் போனாலும் போவது அவர் உயிர்தான். அக்கா அவரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். பிறகு சங்கிலியைக் கழுத்திலிருந்து சற்றே தூக்கிப் பிடித்தார். “கவரிங்கு சார்” என்றார். அதற்குக் கீழே கழுத்தைச் சுற்றித் தோல் தடித்து, சிவந்தும் கறுத்தும் கிடந்தது. வி.ஏ.ஓ. தலையைக் குனிந்துகொண்டு எழுதத் தொடங்கினார். அண்ணாச்சி எழுந்து உள்ளே போனார்.

மறுநாள் டயாலிசிஸ் நாள். விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தேன். வழக்கமாக வரும் ஆட்டோ நின்றுகொண்டிருந்தது. அக்கா பையுடன் வாசலில் நின்றார், கண் வீங்கியிருந்தது. “எயுந்திருக்க மாட்றாரு” என்றார். சட்டம் தெரிந்தவள் மாதிரி விண்ணப்பம் போட்டுக் கொடுத்ததே நான்தானே.

உள்ளேயிருந்து அண்ணாச்சி குரல் வந்தது, அக்காவைக் கூப்பிட்டார். வாசற்படியில் நின்று நானும் பார்த்தேன்.

“ராவெல்லாம் கயுத்த சொறிஞ்சிக்கினு இருப்பியே, அது இந்த எயவாலயா?”

“ஆமா.”

“வேற ஒண்ணும் இல்லியே?”

“வேற இன்னா கீது?”

சிறுநீரகம் கெட்டவர்களுக்கு உடம்பெல்லாம் அரிக்கும். அண்ணாச்சி படுக்கப் போகுமுன் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வார். கையில் மிச்சமிருப்பதை அக்காவின் கழுத்திலும் தடவிவிடுவார். “என் வியாதி உனக்கும் வந்துட்ச்சோன்னு ஒரு வருசமா உள்ளுக்குள்ள செத்துக்கினு இருந்தேன்டி” என்றார் இப்போது. சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதார். கோபித்துக்கொள்வார் என்று நினைத்து நின்ற அக்கா, என்ன செய்வதென்று தெரியாமல் கட்டிலோரம் உட்கார்ந்துவிட்டார்.

“ஏமாத்திட்ட. போவட்டும். மொதல்ல அத்த கயட்டு. நீ கயட்னா நான் வர்றேன்.”

சாமி மாடத்திலிருந்து மஞ்சள் கயிறு வந்தது. சங்கிலியிலிருந்து தாலியை உருவி அதில் கோத்தார்கள். ஆபரேஷன் செய்து புடைத்திருந்த கையோடு அண்ணாச்சியே முடிச்சுப் போட்டார். மூன்றாவது முடிச்சு விழ வெகுநேரம் ஆனது. வெளியே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். யூனிபாரமும் அடையாள அட்டையுமாக நான் ஒருத்திதான் அந்தக் கல்யாணத்துக்கு வந்த கூட்டம். ஆட்டோவில் ஏறும்போது அண்ணாச்சி சங்கிலியை என் உள்ளங்கையில் வைத்து, “எங்கனா தூக்கிப் போட்டுடும்மா, இவ கண்ணுல படக் கூடாது” என்றார். குப்பைத்தொட்டி வரைக்கும் போனேன். மனசு வரவில்லை.

சான்று வந்தது, அட்டையும் வந்தது. அந்த அட்டையில் அண்ணாச்சி நான்கு வருடம் இருந்தார். அதற்குள் நான் கல்யாணமாகிக் குன்றத்தூருக்குக் குடிவந்துவிட்டேன். போன ஐப்பசியில் அவர் போய்விட்டார் என்று தகவல் வந்தபோது, எனக்கு இரட்டைப் பிள்ளை பிறந்து பத்து நாள். தை பிறந்த பிறகுதான் மண்ணூருக்குப் போக முடிந்தது. எது எப்படியிருந்தாலும் அக்காவின் பொருள், அவரிடமே கொடுத்துவிடலாம் என்று சங்கிலியைக் கைப்பையில் எடுத்துப் போனேன்.

அக்கா அதைப் பார்த்ததும், “அடிப்பாவி, போடலியா நீ?” என்று சிரித்தார். கழுத்தில் ஒன்றுமில்லை. தடிப்பும் இல்லை, கறுப்பும் இல்லை. “எப்ப சரியாச்சுக்கா?” என்று கேட்டேன்.

“அது ஒரே மாசத்துல போயிட்ச்சு. அவருதான் விடல. இன்னும் கருப்பு கீது, திரும்புன்னுவாரு. நாலு வருசமும் ஒருநா வுடாம எண்ண தடவினாரு.”

சங்கிலியை விரலில் சுற்றினார், அவிழ்த்தார். “போட்டுப் பாக்கறேன். திரும்ப அரிக்காதான்னு கீது.”

கொக்கியைப் பிரித்துக் கழுத்துக்குக் கொண்டுபோனவரின் கையிலிருந்து அதைப் பிடுங்கினேன். “வேண்டாம்க்கா” என்றேன். வீட்டுக்கு வந்ததும் பழைய இடத்திலேயே வைத்துப் பீரோவைப் பூட்டினேன்.