அவளைப் பற்றி ஒரு வரி

அட்டை கிழிந்த ஓர் ஆங்கிலக் கதைப்புத்தகம் அது. ஏற்காட்டில் அப்பா வேலை பார்த்த லாட்ஜில் யாரோ விட்டுவிட்டுப் போனது. பறக்கத் தெரிந்த முகமூடி வீரன்தான் நாயகன். ஆனால் அவன் என்ன செய்வது என்பதைப் படிப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். பக்கத்தின் அடியில் இரண்டு வழிகள் இருக்கும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அது காட்டும் பக்கத்துக்குப் புரட்டிப் போக வேண்டும். எண்பதுகளின் நடுவில், பள்ளிக்கூடத்துப் பெண்ணான எனக்கு அதைவிடப் பெரிய விளையாட்டு இல்லை. என்னோடு அதை விளையாடியவர் மாமா, அம்மாவின் தம்பி.

மாமா பஸ் டிரைவர். அந்த மழைக்காலத்தில் மலைப்பாதையில் இறங்கும்போது பிரேக் பிடிக்கவில்லை. ஒரு பக்கம் பள்ளம், மறுபக்கம் மலைச்சரிவு. மாமா வண்டியைச் சரிவின் பக்கம் ஒடித்தார். வண்டி மோதி நின்றது. உள்ளே இருந்த அத்தனை பேரும் பிழைத்தார்கள். சரிவோரம் விறகுக்கட்டோடு ஒதுங்கி நின்ற, செம்மநத்தம் என்ற மலைக்கிராமத்துப் பெண் ஒருத்தி செத்துப்போனாள். விசாரணை முடியும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டதால் மாமா எங்கள் வீட்டில் தங்கினார். பிழைத்தவர்கள் சிலர் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார்கள். அவர்கள் குரல் கேட்டாலே கொல்லைப்பக்கம் போய்விடுவார்.

என் புத்தகத்துக்கு மட்டும் காது கொடுத்தார். எனக்குப் புரிந்ததைத் தமிழில் சொல்வேன். வழியையும் நானே தேர்ந்தெடுப்பேன். ஒரு நாள் அந்தப் பக்கம் வந்தது. பாலத்திலிருந்து ஒரு பஸ் சரிகிறது. எதிரே, இடிந்து விழும் சுவருக்கு அடியில் ஒரு பெண். வீரனால் ஓரிடத்துக்குத்தான் போக முடியும். யோசிக்காமல் பஸ் என்றேன். புரட்டிய பக்கத்தில் ஊரே அவனைக் கொண்டாடியது. படித்து முடித்த பிறகுதான் மாமாவின் முகத்தைப் பார்த்தேன்.

“அந்தப் பொம்பள என்ன ஆனான்னு போட்டிருக்குதா கண்ணு?”

இல்லை என்றேன். நன்றாகப் பார்க்கச் சொன்னார். வரிகளில் நானும் படங்களில் அவரும் தேடினோம். அவளைக் காப்பாற்றப் போகும் வழியில் அவள் உயிரோடு இருந்தாள். பஸ்ஸைக் காப்பாற்றிய வழியில், கடைசிவரை, அவளைப் பற்றி ஒரு வரி இல்லை.

இன்று என் மகன் போனில் இதே மாதிரி விளையாடுகிறான். பிடிக்காவிட்டால் ஒரு படி பின்னால் போய் வேறு வழியைத் தொடுகிறான். நான் எழுந்து உள்ளே போய்விடுகிறேன்.

மாமா மேல் தவறில்லை என்று விசாரணை முடிந்தது. மறுநாள் அவர் செம்மநத்தத்துக்குக் கிளம்பினார். அம்மா தடுத்துப் பார்த்துவிட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு கூடவே வந்தாள். பஸ் ஏற மறுத்துவிட்டார், நடந்தே போனோம். இறந்தவளின் கணவர் வாசலில் காப்பிக்கொட்டை உலர்த்திக்கொண்டிருந்தார். தான்தான் அந்த டிரைவர் என்று மாமா சொன்னதும், அடிக்க வருவாரோ என்று அம்மா பயந்தாள். அவர் உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார்.

“ஏனுங்க, வண்டிய ஒடிக்கறப்ப அவ நிக்கறது தெரிஞ்சுதுங்களா?”

விசாரணையில் யாரும் கேட்காத கேள்வி அது. அம்மா மாமாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“தெரிஞ்சுதுங்க,” என்றார் மாமா.

அந்தக் கணவர் குனிந்து காப்பிக்கொட்டையைக் கையால் பரப்பினார். “மூடுபனில அவ தெரியலன்னுதான் எல்லாரும் சொன்னாங்க,” என்றார் பிறகு. “தண்ணியக் குடிங்க. இனி இந்த ஊட்டுக்கு வராதீங்க.”

மாமா சொம்பு முழுவதையும் குடித்தார். அதன் பிறகு எந்த வண்டியையும் தொடவில்லை. வெள்ளக்கடைப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் வாட்ச்மேனாக இருந்தே செத்துப்போனார். சாவுக்கு, அந்த பஸ்ஸில் பிழைத்தவர்கள் மாலையோடு வந்திருந்தார்கள். எடுக்கும்வரை நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். செம்மநத்தத்திலிருந்து யாரும் வரவில்லை.