ஒரு ஸ்க்ரூவில் தொங்கிய ஹார்ட் டிஸ்க்

ஹார்ட் டிஸ்க்கை சிபியூ பெட்டிக்குள் பொருத்த நாலு ஸ்க்ரூ வேண்டும். இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு. இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்தும் நாலு போடுகிறவர்கள் குறைவு. பெட்டியின் ஒரு பக்கத் தகட்டைக் கழற்றினால் எல்லாம் கைக்கு வந்துவிடும். டிஸ்க்குக்கும் அந்தப் பக்கமே இரண்டு ஸ்க்ரூ முடுக்கிவிடலாம். மறுபக்கத் தகடு அப்படியில்லை. அதன் பின்னால் ஒயர்களைத் திணித்து வைத்திருப்பார்கள். ஒருமுறை கழற்றினால் மறுபடி மூடுவதற்கு முட்டி போட்டு அமுக்க வேண்டும். யார் அமுக்குவது?

சூரமங்கலத்தில் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். ஜங்ஷன் பக்கம் என்பதால் ரயில்வே குடியிருப்பு ஆட்கள்தான் அதிகம் வருவார்கள். பெட்டியைத் திறந்ததும் எனக்கு முன்னால் கை வைத்தவனைத் திட்டுவது என் பழக்கம். "எந்தப் புண்ணியவான் பார்த்த வேலைங்க இது?" என்று கேட்பேன். வந்தவர் முகம் சுருங்கும், என் மேல் மரியாதை கூடும். இத்தனை வருஷத்தில் அப்படி எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேனோ. என் வேலையை இன்னொருவன் திறந்து பார்த்து அப்படிக் கேட்டிருப்பானா என்று யோசித்ததே இல்லை. மூன்று ஆயுத பூஜைக்கு முன்னால், என் வேலையை நானே திறந்து பார்த்தேன்.

அது சங்ககிரியில் ஒரு லாரி ஆபீஸ். முன்னால் லாரிகள் நிற்கும் மைதானம், பக்கத்தில் டயர் கழற்றி மாட்டும் கொட்டகை. லோடு வண்டி உள்ளே திரும்பினால் ஆபீஸ் மேஜையில் இருக்கும் டம்ளரில் தண்ணீர் ஆடும். அங்கே கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டது ஒரு பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருவார். வண்டிகளின் பர்மிட், எஃப்.சி., இன்சூரன்ஸ், டிரைவர்களின் லைசென்ஸ் என்று ஆறு வருஷமாக ஒவ்வொரு தாளையும் ஸ்கேன் செய்து, வண்டி நம்பர் வாரியாக அடுக்கி வைத்திருந்தார். எங்கோ வடக்கே செக்போஸ்ட்டில் வண்டியை நிறுத்தினால் டிரைவர் இவருக்குத்தான் போன் போடுவார். பேசிக்கொண்டிருக்கும்போதே தாள் போய்விடும். "அனுப்பிட்டனுங்க, பாருங்க" என்பார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு மிடுக்கு இருக்கும். அது எனக்குப் பிடிக்கும்.

அந்த வருஷம் ஆடி மாதம், பழைய பெட்டி துருப்பிடித்துப் போனதால் உள்ளே இருந்ததையெல்லாம் புதுப் பெட்டிக்கு மாற்றினேன். அவர் போனில் யாரோ ஒரு டிரைவரிடம் பேசிக்கொண்டிருந்தார். டிஸ்க்குக்குப் போட வேண்டிய ஸ்க்ரூ கொஞ்சம் தடித்த மரை. என் டப்பாவில் அது ஒன்றுதான் இருந்தது. மற்றதெல்லாம் சிடி டிரைவுக்குப் போடும் மெல்லிய மரை. மெல்லியதைத் தடித்த ஓட்டையில் விட்டால் பிடிக்காது. சும்மா உட்கார்ந்திருக்கும், பார்வைக்கு முடுக்கியது போலவே தெரியும். ஒரு தடித்தது, ஒரு மெல்லியது போட்டேன். மறுபக்கத் தகட்டைக் கழற்றவே இல்லை. பழைய பெட்டியில் கழற்றிய ஸ்க்ரூக்கள் துருவேறித் தலை தேய்ந்திருந்தன. வெளியே டயர் கொட்டகையில் கேட்டிருந்தால்கூடத் தேடிக் கொடுத்திருப்பார்கள். எழுந்து போகவில்லை. அவசரம் ஏதாவது இருந்தது என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. ஒன்றுமில்லை. சோம்பல், அவ்வளவுதான். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அவர் வாங்கி வந்த டீயையும் குடித்துவிட்டு வந்தேன்.

ஆயுத பூஜையன்று அங்கே லாரிகளுக்கு மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, இன்ஜினை ஓடவிட்டு நசுக்குவார்கள். அந்த வருஷம் யாரோ ஒரு டிரைவர், "கம்ப்யூட்டரு மட்டும் என்ன பாவம் பண்ணுச்சுங்க, அதுக்கும் ஒரு பழம் வைங்க" என்றிருக்கிறார். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். முதலாளி தானே எலுமிச்சம்பழத்தை எடுத்து நீட்டியிருக்கிறார். வண்டியை ஓடவிட்டுத்தானே ஏற்றுவார்கள், கம்ப்யூட்டரையும் ஓடவிட்டிருக்கிறார்கள். பெட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, முன்பக்கம் பழத்தை வைத்து, அந்தப் பெண் இரண்டு கையாலும் பெட்டியை முன்னால் தள்ளியிருக்கிறார். முதலாளி கை தட்டியிருக்கிறார். பழம் நசுங்கி, பெட்டி ஒரு குலுங்கு குலுங்கி உட்கார்ந்தது. உள்ளே டக்கென்று ஒரு சத்தம். அப்புறம் திரை நின்றுபோனது.

மறுநாள் காலை என்னை வரச் சொன்னார்கள். போனேன். முதலாளி, கணக்குப் பிள்ளை, லோடுக்குக் காத்திருந்த இரண்டு டிரைவர்கள், அந்தப் பெண், எல்லோரும் மேஜையைச் சுற்றி நின்றார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர் வாயைப் பார்ப்பதுபோல என் வாயைப் பார்த்தார்கள். தகட்டைக் கழற்றினேன். டிஸ்க் ஒரு மூலையில் மட்டும் பிடித்துக்கொண்டு, மறு மூலை கீழே சரிந்து தொங்கியது. மெல்லிய மரை ஸ்க்ரூ பெட்டியின் அடியில், இடுக்கு வழியாக உள்ளே உதிர்ந்திருந்த குங்குமத்தூளுக்கு நடுவில் கிடந்தது. லாரிகள் வந்து போய் வந்து போய், மூன்று மாதத்தில் அது தானாகக் கழன்று விழுந்திருக்கிறது. பார்த்த உடனே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. என் முதுகு அவர்கள் பக்கம் இருந்தது. அந்த ஸ்க்ரூவை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

முதலாளி கேட்டார். "ஏனுங்க சார், பொட்டிய இடிச்சதுலதானுங்களே இப்படி ஆச்சு?"

நான் டிஸ்க்கைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அப்புறம் சொன்னேன். "அடி பட்டிருக்குங்க."

பொய் இல்லை. அடி பட்டுத்தான் இருந்தது. ஓடிக்கொண்டிருந்த டிஸ்க் ஒரு பக்கமாக விழுந்தால் என்ன ஆகும்? ஆனால் நான் சொல்ல வேண்டியதில் அது பாதிதான். மற்றப் பாதி என் சட்டைப் பையில் இருந்தது. முதலாளி அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தார். கை தட்டியது தான்தான் என்பது அவருக்கு அப்போது நினைவில்லை. அந்தப் பெண் என்னைப் பார்த்து, "ரொம்ப இடிச்சுப்போட்டனுங்களா?" என்றார். நான் பதில் சொல்லாமல் பெட்டியை மூடினேன். சொல்லாததும் ஒரு பதில்தான் என்று எனக்கு அப்போதே தெரியும்.

டிஸ்க்கிலிருந்து எதையும் மீட்க முடியவில்லை. எனக்குத் தெரிந்த ஆட்களிடமெல்லாம் அனுப்பிப் பார்த்தேன். அந்த வாரமே ஒரு வண்டி தாள் காட்ட முடியாமல் வெளி மாநிலத்தில் இரண்டு நாள் நின்றது. ஆறு வருஷத்து வேலை ஒரு எலுமிச்சம்பழத்தில் போச்சு என்று முதலாளி கத்தினாராம். இனிமேல் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். லாரிக்காரர்கள் பேச்சு எப்படிப் போகும் என்று தெரியாதா. சங்ககிரியில் வேறு எந்த ஆபீஸிலும் அவரைச் சேர்க்கவில்லை. போன இடத்திலெல்லாம், "பழம் வெச்சுக் கம்ப்யூட்டர ஏத்துன அம்மிணி நீங்கதானுங்களா?" என்று கேட்டுச் சிரித்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் கேள்விப்பட்டும் நான் வாயைத் திறக்கவில்லை. நாலு ஸ்க்ரூ போட்டிருந்தாலும் ஒருவேளை கெட்டிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். ஓடும்போது ஆட்டக் கூடாதல்லவா, அது அவர் தப்புதானே என்பேன். குளிக்கும்போது சொல்லிக்கொள்வேன், பைக் ஓட்டும்போது சொல்லிக்கொள்வேன். சொல்லி முடித்ததும், சரிந்து தொங்கிய டிஸ்க் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கும். அந்த ஸ்க்ரூ சட்டையோடு வாஷிங் மெஷினுக்குப் போய், என் மனைவி கையில் கிடைத்து, ஜன்னல் கட்டையில் சீப்புக்குப் பக்கத்தில் ரொம்ப நாள் கிடந்தது. "உங்க சாமானுங்க, எடுத்து வைங்க" என்று இரண்டு முறை சொன்னாள். எடுக்கவில்லை. அதற்குப் பிறகு நான் எல்லாப் பெட்டியிலும் நாலு போட ஆரம்பித்தேன். மறுபக்கத் தகட்டை முட்டி போட்டு அமுக்குவேன். அதனால் யாருக்கு என்ன லாபம்?

போன மாதம் ஒரு முற்பகல், கடை வாசலில் ஆட்டோ நின்றது. அந்தப் பெண் இறங்கினார். பழைய பெட்ஷீட்டில் சுற்றிய சிபியூவை ஆட்டோக்காரர்தான் தூக்கி வந்து மேஜை மேல் வைத்தார். அந்தப் பெண் கொஞ்சம் தள்ளியே நின்றார். மகள் காலேஜில் சேர்ந்திருக்கிறாளாம். யாரோ பயன்படுத்திய கம்ப்யூட்டரை வாங்கியிருக்கிறார்கள். அதில் இன்னொரு டிஸ்க் மாட்ட வேண்டும்.

"சங்ககிரியிலயே ஆள் இருப்பாங்களேங்கம்மா, இவ்வளவு தூரம் ஏன் வந்தீங்க?" என்றேன். வந்திருக்க வேண்டாமே என்றுதான் இருந்தது எனக்கு.

"அன்னிக்கு என்னைய ஒரு வார்த்த திட்டாதவரு நீங்க ஒருத்தர்தானுங்கண்ணா" என்றார்.

எனக்கு ஸ்க்ரூ டிரைவர் எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. கையிலேயே இருந்தது.

இப்போது தறிப்பட்டறையில் நூல் சுற்றும் வேலைக்குப் போகிறார். பேசிக்கொண்டே நான் இரண்டு பக்கத் தகட்டையும் கழற்றினேன், டிஸ்க்கை உள்ளே வைத்தேன், தடித்த மரையில் இந்தப் பக்கம் இரண்டு போட்டேன். பெட்டியைத் திருப்ப வேண்டியிருந்தது. "ஒரு கை புடிங்கம்மா" என்றேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வேண்டாமுங்கண்ணா. நான் இதையெல்லாந் தொடறதில்லைங்க. ஊட்டுலகூட என்ற புள்ளைதான் போடுவா, நிறுத்துவா. என்ற கை ஆகாதுங்க."

நானே திருப்பினேன். மறுபக்கம் மூன்றாவது ஸ்க்ரூ, நாலாவது ஸ்க்ரூ. அவர் குனிந்து விரலால் எண்ணினார்.

"நாலுங்களா?"

"ஆமாங்க."

"அதுலயும் நாலு போட்டிருந்தீங்கதானுங்க. நாலு போட்டும் புட்டுக்கிட்டு வந்துதுன்னா, நான் எந்தக் கணக்குல இடிச்சிருப்பேன் பாருங்க" என்று தன்னைத்தானே நொந்துகொண்டு சிரித்தார்.

மூன்று வருஷமாக நான் பயந்துகொண்டிருந்தது யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்று. இப்படி ஒருத்தி என்னை முழுசாக நம்பிக்கொண்டு வந்து நிற்பாள் என்று நினைக்கவே இல்லை. அதைத் தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். ஒன்றுதான் பிடித்தது, இன்னொன்று பிடிக்காத மரை, அந்தப் பக்கம் போடவே இல்லை, விழுந்த ஸ்க்ரூவை எடுத்து மறைத்துக்கொண்டேன். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அவர் மேஜை மேல் இருந்த பெட்டியையே பார்த்தார். அப்புறம், "அப்ப நான் கெடுக்கலைங்களா?" என்றார்.

"இல்லீங்க. சரியா மாட்டியிருந்தா அந்தக் குலுக்கலுக்கு அது விழுந்திருக்காதுங்க."

"அன்னிக்கே தெரியுமுங்களா?"

"தெரியுமுங்க."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் கொஞ்சம் லேசாக இருக்கும் என்றுகூட ஆசைப்பட்டேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். தகடுகளை மூடச் சொன்னார், மூடினேன். பெட்ஷீட்டை விரித்துப் பெட்டியைத் தானே சுற்றி, இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டார்.

"வாங்க, போலாம்."

"எங்கீங்க?"

"சங்ககிரிக்கு. எங்க மொதலாளிகிட்டச் சொல்லுங்க."

"நான் போன்ல சொல்லிடறேனுங்கம்மா. இப்பவே பேசறேன்."

"அன்னிக்கு அங்க நின்னுதானுங்களே சொன்னீங்க" என்றார்.

ஷட்டரை இழுத்தேன். ஈரோடு பஸ்ஸில் ஏறினோம். பெட்டியை நான் வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன், கொடுக்கவில்லை. வழி முழுக்க மடியிலேயே வைத்திருந்தார்.

ஆபீஸ் அப்படியேதான் இருந்தது. கம்ப்யூட்டர் மட்டும் புதிது. முதலாளி, கணக்குப் பிள்ளை, உள்ளே பெஞ்சில் நாலைந்து டிரைவர்கள். முதலாளிக்கு என்னை அடையாளம் தெரியவே கொஞ்ச நேரம் ஆனது. நான் மேஜைக்கு அருகே போய் மெதுவான குரலில் சொன்னேன். அவர் பாதியிலேயே சிரித்துவிட்டார்.

"அட, அந்த எலுமிச்சம்பழக் கதைங்களா? அது ஆச்சு மூணு வருசம். அதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தீங்க? விடுங்க சார். உக்காருங்க, டீ சொல்றேன்."

அவருக்கு அது மறந்தே போயிருந்தது. டீ என்றதும், வெட்கமில்லாமல் எனக்கு அப்பாடா என்று இருந்தது. திரும்பிப் பார்த்தேன். அந்தப் பெண் உட்காரவில்லை. பெட்டியை இறக்கி வைக்கவும் இல்லை. பெஞ்சில் இருந்த டிரைவர்களைக் கண்ணால் காட்டினார்.

"இன்னொருக்காச் சொல்லுங்கண்ணா" என்றார். "அவிங்களுக்குக் கேக்கலைங்க."

நான் அவர்கள் பக்கம் திரும்பி நின்று, ஸ்க்ரூவிலிருந்து ஆரம்பித்து, மறுபடி சொன்னேன்.