அண்ணன் மாற்றச் சொன்ன எண்ணெய்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். நான் அவருடைய தங்கை. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், வண்டிக்குப் பெயர் மாற்றம் எல்லாம் என் தலையில் வந்து விழுந்ததைப் போலவே இந்தக் கட்டுரையும் வந்து விழுந்தது. மற்றவற்றை முடித்துவிட்டேன். இதற்குத்தான் படிவம் கிடையாது.

அண்ணன் பிள்ளையார்பாளையத்தில், தறிக்கும் அடுப்புக்கும் நடுவே ஒரே ஒரு சுவர் இருந்த வீட்டில் பிறந்தவர். அப்பா நெசவாளர். அண்ணன் கல்லூரியில் இயற்பியல் படித்துக்கொண்டிருந்தபோது அப்பா காலமானார். தறியில் சேலை பாதியில் நின்றது. அதை முடித்துவிட்டு வருகிறேன் என்று படிப்பை நிறுத்தியவர், தறியை விட்டு எழச் சில ஆண்டுகள் ஆயின. அந்த ஆண்டுகளில்தான் நான் படித்துப் பட்டம் வாங்கினேன். தமது பட்டத்தை அவர் பிற்பாடு அஞ்சல் வழியில் வாங்கிக்கொண்டார். அதன்பின் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் சேலைகளின் தரம் பார்க்கும் வேலையில் சேர்ந்து, அங்கேயே ஓய்வு பெற்றார்.

எதையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்த பிறகே பேசுவார். பட்டு, விபூதி, கடலை மாவு எல்லாவற்றுக்கும் அதே பரிசோதனைதான். அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை என்று எழுதுவது இத்தகைய மலர்களில் வழக்கம். நான் பார்த்திருக்கிறேன். சேலையில் குறை இருந்தால் நெய்தவரைத் தனியே அழைத்துச் சொல்வார். அதையே நாலு பேர் முன்னால் சொன்ன சக ஊழியர் ஒருவரிடம் அவர் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது.

அவருடைய ஒரே ஆடம்பரம் ஓர் அம்பாசடர் கார். அண்ணி மணப்பெண்ணாக ஏனாத்தூரிலிருந்து வந்து இறங்கியது அந்த வண்டியில்தான். அப்போது அது வாடகைக் கார். பல ஆண்டுகள் கழித்து அதன் உரிமையாளர் விற்கப்போகிறார் என்று கேள்விப்பட்டு, பேரம் பேசாமல் அண்ணன் ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். செவிலிமேட்டில் வீடு கட்டியபோது முதலில் கூரை கண்டது கார்தான். அதன் தகுதிச் சோதனை, பசுமை வரி, மறுபதிவு ஆகிய வேள்விகளை நான் நடத்தி வைத்தேன். எண்ணெய் மட்டும் அவர் பொறுப்பு.

ஆயுத பூஜையன்று எங்கள் வீட்டில் சுண்டலுக்கு முன்பே எஞ்சின் எண்ணெய் மாறிவிடும். வண்டி எவ்வளவு ஓடியது என்று கணக்குப் பார்க்க மாட்டார். "ஓடாத வண்டியிலதான் எண்ணெய் சீக்கிரம் கெடும்மா. உள்ள ஈரம் சேர்ந்து புளிச்சுப் பூடும்" என்பார். எப்போதும் இருபது டபிள்யூ ஐம்பது என்ற கெட்டி ரகம், மினரல் எண்ணெய். வேறு எதையும் அந்த எஞ்சின் ருசி பார்த்ததில்லை.

அண்ணிக்கு முழங்கால் தேய்ந்த பிறகு அந்த வண்டி ஆடம்பரம் என்ற நிலையிலிருந்து அத்தியாவசியம் ஆயிற்று. இந்தக் காலத்துக் கார்களில் அவரால் ஏறி உட்கார முடியாது. "கெணத்துல எறங்குற மாதிரி இருக்குது" என்பார். அம்பாசடரில் நாற்காலியில் அமர்வதுபோல் அமர்ந்துவிடலாம். வெள்ளிக்கிழமைதோறும் ஏனாத்தூரில் இருக்கும் தம் தங்கையைப் பார்க்க அண்ணனோடு போவார். வாரத்தில் அவர் வாசலைத் தாண்டுவது அது ஒன்றுக்காகத்தான்.

அண்ணனுக்கு இதயம் பலவீனமாகிப் படுத்த ஆண்டில் ஆயுத பூஜை வந்தது. அண்ணன் மகன் ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் பொறியாளர். அப்பாவின் வண்டிக்கு அந்த ஆண்டு எண்ணெய் மாற்றுவது தானே என்று ஆசை ஆசையாக வந்தான். கையில் பளபளவென்று ஒரு கேன். கடையில் இருந்ததிலேயே உயர்ந்தது, முழு சிந்தட்டிக் என்கிற மெல்லிய செயற்கை எண்ணெய். பட்டு நெய்த குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. சரிகையில் எது உசத்தியோ அதுவே நல்லது என்று பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள், மற்ற எல்லாவற்றையும் அப்படியே வாங்குவார்கள்.

"நைனா, இது போட்டா வண்டி பத்து வயசு கொறஞ்சிடும் பாரு" என்றான்.

கட்டிலில் இருந்தபடியே கேனின் முகப்பைப் படித்த அண்ணன், "அமர்க்களமா இருக்குதுபா, ஊத்து" என்றார்.

தீபாவளிக்குள் வண்டி நின்ற இடத்தில் எண்ணெய் குளம் கட்டியது. அண்ணி கோலத்தைத் தள்ளிப் போட்டார். எஞ்சின் சூடானதும் எண்ணெய் அழுத்தம் குறைவதைக் காட்டும் சிவப்பு விளக்கு மினுக்கியது. மகன் கவலையோடு சொன்னான்: "எஞ்சின் போயிடுச்சு நைனா. நடுரோட்டுல நின்னா அம்மா கால வச்சிக்கினு எங்க எறங்கும்? பொங்கலுக்குள்ள குடுத்துடலாம்." வெள்ளிக்கிழமைப் பயணம் நின்றது. அண்ணி மட்டும் வெள்ளிக்கிழமைகளில் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

மகன் வேலைக்குப் போயிருந்த ஒரு காலையில் அண்ணன் என்னைக் கூப்பிட்டார்.

"அம்மாடி, வண்டிக்கு ஒண்ணும் இல்ல. எண்ணெய்தான். நீ போய் பழையத வாங்கியாந்து நம்ம மெக்கானிக் பாய வுட்டு மாத்திடு. அவனுக்குத் தெரிய வாணாம்."

"அவன்கிட்டயே சொன்னா என்ன அண்ணா? இஞ்சினீரு, புரிஞ்சிக்க மாட்டானா?"

"புரிஞ்சிக்குவான். அப்புறம் எப்ப எம் மூஞ்சியப் பார்த்தாலும் அதான் அவனுக்கு ஞாபகம் வரும். எனக்கு இன்னும் எவ்ளோ நாள் இருக்குது? வண்டி நின்னா அவ வெளிய வாசல் பார்க்க மாட்டா. வண்டியும் நிக்கக் கூடாது, புள்ள மூஞ்சியும் வாடக் கூடாது."

எனக்குக் காரணம் விளங்காமல் கோப்பில் கையெழுத்திடும் பழக்கமில்லை. கேட்டேன். மூச்சு வாங்க வாங்கச் சொன்னார். பழைய எஞ்சினுக்குள் இடைவெளிகள் அகலம். "ரெண்டு இழை போவ வேண்டிய எடத்துல ஒத்த இழை வுட்டா பொடவ நிக்குமா? அதான், தண்ணி மாதிரி எண்ணெய் நிக்காம ஓடிப் பூடுது." பல ஆண்டு அழுக்குப் படிவே அடைத்துக் காத்துவந்த கசிவுகளைப் புது எண்ணெய் கழுவித் திறந்துவிடுகிறது. உள்ளே இரும்போடு இரும்பு உரசும் இடங்களுக்குத் துத்தநாகம் கலந்த எண்ணெய் வேண்டும். புதிய வண்டிகளின் புகைவடிகட்டி அதனால் கெடும் என்பதால் இப்போதைய எண்ணெய்களில் அதைக் குறைத்துவிட்டார்கள். "நல்ல எண்ணெய்தாம்மா அது. நம்ம வண்டிக்கு இல்ல, அவ்ளோதான்."

பழைய வண்டி வைத்திருக்கும் உறவினர்கள் கவனிக்க: எஞ்சினை முழுதும் பிரித்துப் புது சீல்கள் போட்டிருந்தால் நிலைமை வேறு. வண்டியோடு வந்த கையேடு சொல்வதைக் கேளுங்கள். என்னிடம் தொலைபேசியில் கேட்க வேண்டாம்.

கடைக்குப் போனேன். கடைக்காரர் என்ன வண்டி என்று கேட்டார். சொன்னேன்.

"இன்னும் வச்சிக்கினு இருக்கீங்களா மேடம்! அப்போ இத போடுங்க. லேட்டஸ்ட்டு."

"வண்டி லேட்டஸ்ட் இல்லியேபா. இருபது டபிள்யூ ஐம்பது, மினரல். பின்னால என்னா எழுதியிருக்குதுன்னு படிச்சிட்டுத்தான் வாங்குவேன்."

"அது மேல் தட்டுல தூசி புடிச்சிக்கினு இருக்குது மேடம்."

"தூசியத் தொடச்சிக்கலாம், எடு."

அண்ணனின் நீண்டகால மெக்கானிக் பாய் அன்று மதியமே வந்தார். எஞ்சினைச் சூடாக்கி, மகனின் எண்ணெயை ஓர் அகலப் பாத்திரத்தில் இறக்கினார். அண்ணன் ஜன்னல் வழியே குரல் கொடுத்தார்: "பாய், கீழ ஊத்திடாத. புள்ள ஆசையா வாங்கியாந்தது." அதைப் பழைய தகர டின்னில் ஊற்றி வைத்தோம். அண்ணன் அதில் கொஞ்சம் எடுத்து இரும்பு கேட்டின் கீல்களுக்குப் போடச் சொன்னார். வீடு கட்டிய நாளிலிருந்து முனகிக்கொண்டிருந்த கேட் அன்று வாயை மூடிற்று. புது எண்ணெய் ஏறியதும் பாய் வண்டியைக் கிளப்பினார். அண்ணன் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். சூடான பிறகும் சிவப்பு விளக்கு எரியவில்லை.

கசிவு உடனே நிற்கவில்லை. மெல்ல மெல்லக் குறைந்து, சொட்டாகி, ஒருநாள் தரை காய்ந்தது. ஞாயிற்றுக்கிழமை வண்டியைத் துடைக்கப் போன மகன் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தான். "நைனா, நம்ம எண்ணெய் செட் ஆயிடுச்சு! ஒழுகல் நின்னுடுச்சு. வண்டிய விக்க வாணாம்."

"நான்தான் சொன்னேனே, அமர்க்களமான எண்ணெய்னு" என்றார் அண்ணன். நான் செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன்.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமை அம்மாவை ஏனாத்தூருக்கு அழைத்துப் போக மகன் விடுப்பு எடுத்தான். அண்ணன் ஜன்னலிலிருந்து கையசைத்தார். தை மாதத்தில் ஒரு காலை, காபியைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைக்காமலே போய்விட்டார். அஸ்தி கரைக்கத் திருமுக்கூடலுக்கு அவர் போனதும் அதே வண்டியில்தான். வழியில் எங்கும் நிற்கவில்லை.

இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் முன், சம்பந்தப்பட்டவரின் ஒப்புதல் பெறுவதே முறை என்பதால், அண்ணன் மகனிடம் படித்துக் காட்டினேன். கேன் விஷயம் வந்ததும் நிறுத்தினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு இருந்தான்.

"எனக்குத் தெரியும் அத்த."

"எப்படிடா?"

"வண்டி தொடச்ச அன்னிக்கி எண்ணெய் அளவு குச்சிய இழுத்து, நைனா மாதிரி வெரல்ல தேச்சுப் பார்த்தேன். நான் ஊத்துனது வெரல்லயே நிக்காது. இது நின்னுது. கேட் வேற சத்தம் போடல, கீல்ல என் எண்ணெய். நைனாதான்னு தெரிஞ்சிடுச்சு. அத எடுத்துச் சொல்லியிருந்தா எனக்குத் தெரிஞ்சிடுச்சேன்னு அவருக்குக் கஷ்டமா இருக்கும். அதான், என் எண்ணெய் செட் ஆயிடுச்சுன்னு கத்திக்கினே உள்ள வந்தேன்."

குறையைத் தனியே சொல்ல வேண்டும் என்பார் அண்ணன். இந்த வீட்டில் அதைச் சொல்லவே வேண்டியிருக்கவில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். அண்ணனை நாற்காலியோடு தூக்கி மாடிப்படி இறக்கிய எதிர்வீட்டுப் பிள்ளைகள், வீட்டுக்கே வந்து பார்த்த மருத்துவர், கூலி வாங்க மறுத்த பாய், காரியத்தன்று எங்களோடு அமர்ந்து உண்ட அனைவரும். மேல் தட்டுக்கு ஏணி போட்ட கடைக்காரரையும் சேர்த்துக்கொள்கிறேன்.

போன ஆயுத பூஜைக்கு எண்ணெய் மாற்றியது அண்ணன் மகன்தான். கடைக்குத் தனியே போய், தூசி துடைத்து வாங்கி வந்தான். டின்னில் மீதியிருந்த தன் எண்ணெயைக் கேட் கீல்களுக்குப் போட்டான். இப்போது வெள்ளிக்கிழமைகளில் அண்ணி பூ வைத்துக்கொண்டு முன் இருக்கையில் அமர்கிறார். மகனின் எண்ணெயில் கேட் சத்தமில்லாமல் திறக்கிறது. அப்பாவின் எண்ணெயில் வண்டி ஏனாத்தூர் போய் வருகிறது.