பிள்ளைக் காம்பராவின் பூட்டு

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொள்பவள் சுலக்ஷனா. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை அவளிடம்தான் விட்டுப்போவோம். வாய் கொஞ்சம் நீளம். மூக்கு ஒழுகும் பிள்ளையைக் கொண்டுபோனால் தாய்க்கும் சேர்த்து நாலு வார்த்தை கிடைக்கும். அதனால் பாதிப் பேருக்கு அவளைக் கண்டால் ஆகாது. எனக்கும் ஒரு பௌர்ணமி போயா தினம் வரை அப்படித்தான்.

அன்று விடுமுறை, நல்ல மழை. காலையில் வேலைக்குக் கூப்பிடும் சங்கு ஊதியது. லீவு நாளில்கூட தோட்டத்து மேனேஜர் தொரை சும்மா விடமாட்டாரா என்று முணுமுணுத்தபடி, கூடையை மாட்டிக்கொண்டு பிள்ளைகளோடு நாங்கள் குடியிருக்கும் லயத்திலிருந்து கீழே ஓடினோம். காம்பரா வாசலில் போய் நின்ற பிறகுதான் தெரிந்தது, ஊதியது பெக்டரிச் சங்கே இல்லை. மண்சரிவு வருமுன் எச்சரிக்க அரசாங்கம் மலையில் புதிதாகப் பூட்டிய கருவி. அன்று ஒத்திகையாம். அறிவித்தல் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் போனுக்கு வந்திருந்ததாம். சத்தம் கேட்டால் மேலே கோயிலுக்கு ஏற வேண்டுமாம். நாங்களோ, மலை சரிந்தால் முதலில் மண் வந்து விழும் இடத்துக்குப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தோம்.

நான் மகளை இறுக அணைத்துக்கொண்டேன். சுலக்ஷனா யாரையும் ஏசவில்லை. அதுவே பயமாக இருந்தது.

பெக்டரிச் சங்கு மாதிரி ஊதும் அந்தச் சத்தத்தை மாற்றச் சொல்லி மறுநாள் அவள் தொரையிடம் போனாள். அது அரசாங்கத்தின் கருவி, தோட்டத்துக்குச் சம்பந்தமில்லை என்றார். மஸ்கெலியாவில் பஸ் ஏறி, கருவி பூட்டிய அரசாங்க அலுவலகத்துக்குப் போனாள், நானும் கூடப் போனேன். அங்கே பொறுப்பில் இருந்தவர் துரைராசா, யாழ்ப்பாணத்துக்காரர், தன்மையானவர்.

“சத்தம் கொழும்பிலை முடிவெடுத்தது, தங்கச்சி. வேறை இடங்களிலை ஒருத்தரும் குறை சொல்லேல்லை.”

“கொழும்புல யாருங்க சார்?”

“ஒரு ஆள் எண்டு சொல்லேலாது. அது ஒரு குழு.”

“அந்தக் குழு எங்க தோட்டத்துக்கு வந்து பாத்துச்சுங்களா?”

மேலே எழுதிப் போடுவதாகச் சொன்னார். எழுதினாரோ என்னவோ, பெருமழைக் காலம் நெருங்கியும் பதில் வரவில்லை.

ஒரு திங்கட்கிழமை காம்பராவுக்குப் பூட்டுப் போட்டுவிட்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள் சுலக்ஷனா.

“சத்தத்த மாத்துற வரைக்கும் ஒரு புள்ளையையும் உள்ள விடமாட்டேன். திட்டுறவங்க திட்டிட்டுப் போங்க.”

திட்டத்தான் செய்தோம். வேலை கெடுகிறதே. ஆனால் திட்டிக்கொண்டிருக்கும்போதே அந்த போயா தினம் என் கண்முன் வந்து நின்றது. மகளை மடியில் வைத்துக்கொண்டு நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். மத்தியானத்துக்குள் படியில் இடமில்லை. தாய்மார் பறிக்கப் போகாமல் கொழுந்து முற்றத் தொடங்கியதும், சம்பந்தமில்லை என்ற தொரைக்குச் சம்பந்தம் வந்துவிட்டது. அவரே கொழும்புக்குப் போன் போட்டார்.

அந்த வாரமே துரைராசா கருவி பூட்டியவர்களோடு வந்தார். சங்குச் சத்தம் போய், “மண்ணு சரியுது, கோயிலுக்கு ஏறுங்க” என்ற குரல் வந்தது. பதிவில் பேசியது சுலக்ஷனாவேதான். எங்கள் பிள்ளைகள் பயப்படுவது அந்தக் குரலுக்கு மட்டும். ஒத்திகையில் மொத்த லயமும் மேலே ஏறியது, சின்னதுகள் எல்லாருக்கும் முன்னால்.

இறங்கி வந்ததும் தொரை கேட்டார். “இப்ப தொறக்கலாந்தானே?”

“இன்னொண்ணு இருக்குங்க. மழையில இது பேசலன்னா நாங்க யாரக் கேக்குறது?”

“அலுவலகத்துக்கு எடுங்கோ” என்றார் துரைராசா.

“ஆபீசு வேணாம், எங்களுக்கு ஒரு ஆளு வேணுங்க சார்.”

துரைராசா தன்னோடு வந்தவரிடம் மார்க்கர் வாங்கி, தன் பெயரையும் போன் நம்பரையும் காம்பராக் கதவில் பெரிதாக எழுதினார்.

சுலக்ஷனா தன் போனை எடுத்து அந்த நம்பரை அழுத்தினாள். அவருடைய சட்டைப் பையில் மணி அடித்தது. அதற்குப் பிறகுதான் பூட்டைத் திறந்தாள்.